ரத்தக்காட்டேரிக்கு ஏது வெள்ளை முகம்

ஜூன் 4

போனை எடுக்காத அக்காவுக்கு,

எட்டு மாதமாக உன் போன் அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்கு முன்னால் முதல் நாலு வரியாவது படிப்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஆகவே விஷயத்தை அதற்குள் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆள் செத்து, புதைத்து, நாற்பது நாள் கழித்துத் தோண்டி எடுத்தால் பார்ப்பதற்கு எப்படி இருப்பான்?

பயப்படாதே, நான் யாரையும் ஒன்றும் செய்துவிடவில்லை. எங்கள் நாடகக் கொட்டகையில் அடுத்து ரத்தக்காட்டேரி நாடகம். முதலாளி போஸ்டரே அடித்துவிட்டார். சுண்ணாம்பு அடித்த மாதிரி முகம், தரையைப் பெருக்குகிற கறுப்பு அங்கி, உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ரெண்டு பல். நானும் வெள்ளைச் சாயத்தைக் குழைத்துத் தயாராக வைத்திருந்தேன். அப்போதுதான் புது இயக்குநர் வந்து சேர்ந்தாள். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட "ஆதாரம் இருக்கா?" என்று கேட்கிற பெண். அவளுக்குப் பெயரே ஆதாரம் என்று ஆகிவிட்டது.

அவள் எங்கோ பழைய அறிக்கைகளைப் படித்திருக்கிறாள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால், தூரத்துக் குளிர்தேசத்துக் கிராமங்களில் கொள்ளைநோய் வந்து ஜனங்கள் வரிசையாகச் செத்திருக்கிறார்கள். முதலில் செத்தவன்தான் எழுந்து வந்து மற்றவர்களின் ரத்தத்தைக் குடிக்கிறான் என்று சொல்லி ஊரே குழியைத் தோண்டிப் பார்த்திருக்கிறது. என்ன ரகளை என்று பார்த்துவர அரசாங்கம் ராணுவ வைத்தியர்களை அனுப்பியிருக்கிறது. அவர்கள் எழுதிவைத்ததில் ஒரு இடத்திலும் வெள்ளை முகம் கிடையாதாம், அங்கி கிடையாதாம், மாளிகை கிடையாதாம். சிவந்துபோய், உப்பிப்போய், சவத்துணியில் சுற்றின கூலிக்காரர்கள்தானாம். "அந்த ஆளைத்தான் மேடையில காட்டப்போறோம்" என்கிறாள்.

நான் போட்டுக் காட்டிய வெள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு, "செத்தவங்க இப்படித்தான் இருப்பாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள். தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறார், விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அந்த டாக்டர் நீதான்.

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

தம்பி


ஜூன் 11

பவுடருக்கு,

நாலு வரியும் படித்தேன், மீதியையும் படித்தேன். உன் எழுத்தின் அழகுக்காக இல்லை. குளிர்பெட்டியைப் பழுதுபார்க்க வந்தவன் வேலையை முடிக்கும்வரை பிணவறைக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

போனை ஏன் எடுப்பதில்லை என்றால், உன் குரலைக் கேட்டால் மன்னித்துவிடுவேன். காகிதத்தில் அந்த ஆபத்து இல்லை.

எட்டு மாதத்தில் நர்ஸிலிருந்து டாக்டராக உயர்ந்திருக்கிறேன். அடுத்த கடிதத்துக்குள் என்னை மந்திரியாக்கிவிடாதே.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற உங்கள் கொட்டகைத் தையல்காரியின் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் அம்மா உன்னிடம், "அக்கா என்ன பண்றாங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ "நர்ஸு" என்று சொல்லிவிட்டாய். உடனே அந்த அம்மா தலை சுற்றுகிறது என்று சொல்லிக் கையை என் பக்கம் நீட்டினார். ஒன்பது வருஷமாக நான் பிடிக்கிற எந்தக் கையிலும் நாடி இருந்ததில்லை. அவர் கை சூடாக இருந்தது, விரலுக்கு அடியில் துடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நல்லா இருக்கீங்கம்மா" என்று சொன்னேன். அந்த மேசையில் அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். சாப்பிட்டு முடித்து ஐந்து மணி பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.

நான் பார்க்கிற வேலை உனக்குத் தெரியும். அறுப்பது நான், தைப்பது நான், கழுவுவது நான். டாக்டர் வாசலில் மூக்கில் கைக்குட்டையோடு நின்று நான் சொல்வதை எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவருக்கு ஊரில் நல்ல பெயர். நான் உட்கார்ந்து எழுந்த கேண்டீன் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காருகிறார்கள். வாரத்துக்கு ரெண்டு ஜோடி கையுறை தருகிறார்கள், அதில் ஒன்று கிழிசல். இதையெல்லாம் சகித்துக்கொள்ள எனக்குத் தெரியும். உன் முதல் ஒப்பனைப் பெட்டியை நான் எந்தச் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தேனோ, அந்தச் சம்பளத்தின் பெயரைச் சொல்ல உனக்கு நாக்கு வரவில்லையே, அதைத்தான் சகிக்க முடியவில்லை.

உன் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். சொல்வேன். முதலில் அந்த ஆதாரத்திடம் போய், கேட்டது டாக்டரிடம் இல்லை என்று சொல்.

அக்கா


ஜூன் 15

நாடி பார்க்கத் தெரிந்த அக்காவுக்கு,

நாடி விஷயத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு கொஞ்ச நேரம் ஒப்பனை அறையைவிட்டு வெளியே வரவில்லை.

அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். தையல்காரியின் அப்பா சாப்பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் சோப்புப் போட்டு மூன்று மூன்று தடவை கை கழுவுகிற மனுஷர். நீ எழுந்து எல்லோருக்கும் பரிமாற ஆரம்பித்திருந்தாய். அவர் தட்டில் நீ வைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அந்தக் கேள்வி வந்தது. என் வாய் முந்திக்கொண்டது. இது சமாதானம் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆதாரத்திடம் சொல்லிவிட்டேன். டாக்டர் இல்லை, என் அக்கா, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் எங்கே என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாதி தூரம் வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

கோபித்துக்கொள்ளாதே, நீ மட்டும் என்னவாம்? உன் வாடகை வீட்டுச் சொந்தக்காரரிடம் "ஆஸ்பத்திரியில வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொண்டவள்தானே? போன வருஷம் அவர் முழங்கால் வலிக்கு உன்னிடம் வந்து மருந்து கேட்டதையும், நீ வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு சொன்னதையும் நீயேதான் எனக்குச் சொல்லிச் சிரித்தாய்.

ஆதாரம் எழுதிக் கொடுத்தது இது. பிணம் அழுகவில்லை. உயிரோடு இருந்ததைவிடச் சதை வைத்திருந்தது. முகம் சிவந்திருந்தது. வாயிலும் மூக்கிலும் புது ரத்தம். பழைய தோலும் நகமும் உரிந்து, கீழே புதுசாக முளைத்திருந்தது. மார்பில் கட்டையை இறக்கியபோது முனகியது. இதில் எது நிஜம், எது அந்த வைத்தியர்களின் கற்பனை என்று தெரிய வேண்டும். எங்கள் காட்டேரியாக நடிக்கிறவன் தீக்குச்சி. பெயருக்கு ஏற்ற உடம்பு. பின்பாட்டுக்காரன் தும்மினால் இவன் ஆடுவான். அவனை உப்பவைக்க வேண்டுமானால் எங்கே எவ்வளவு பஞ்சு என்பதையும் சொல்.

தம்பி


ஜூன் 24

பவுடருக்கு,

வீட்டுச் சொந்தக்காரர் விஷயத்தில் நீ சொன்னது சரி. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சரி. அந்த வீடு கிடைக்க மூன்று மாதம் அலைந்தேன். அது காரணம்தான், நியாயம் இல்லை.

உன் ஆதாரம் எழுதியது எல்லாமே நிஜம். அந்த வைத்தியர்கள் பொய் எழுதவில்லை. பார்த்ததை எழுதியிருக்கிறார்கள், பார்த்தது என்னவென்றுதான் தெரியவில்லை. குளிர்ந்த மண்ணில் ஆழமாகப் புதைத்த உடம்பு அவ்வளவு சீக்கிரம் கரையாது. உள்ளே காற்று சேர்ந்து வயிறு உப்பும், முகம் உப்பும், ஒட்டிப்போன கன்னம் நிமிர்ந்துவிடும். மேல்தோல் ஈரத்தில் ஊறி உரிந்தால் அடியில் பச்சைக்குழந்தை மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கும். நகம் முளைப்பதில்லை. பழைய நகம் கழன்றால் அடியில் இருக்கிற சதை புதுசு மாதிரி தெரியும், கழலாவிட்டால் சுற்றியிருக்கிற தோல் வற்றி நகம் நீண்ட மாதிரி தெரியும். ஈறு வற்றினால் பல்லும் அப்படித்தான். அதனால் கொஞ்சம் நீளமான பல் போடலாம், நாய்ப்பல் போடாதே. வாயில் வருவது அவன் குடித்த ரத்தம் இல்லை, அவனுடைய சொந்தத் திரவம், காற்று தள்ளி மேலே வருவது. முனகலும் நிஜம். மார்பை அழுத்தினால் அடைபட்ட காற்று தொண்டை வழியாக வெளியே வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதைக் கேட்டு நான் வெளியே ஓடி வந்தேன். டாக்டர் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

வெள்ளை முகம் என்பது செத்த முதல் சில மணி நேரச் சமாசாரம். பெரிய வீடுகளில் அதை மட்டும்தான் பார்த்திருப்பார்கள். அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்கிறவர்கள் எங்களைப் போன்றவர்கள், எங்களிடம் யாரும் கதை கேட்பதில்லை.

உன் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உயிரோடு இருந்ததைவிடச் சதை வைத்திருந்தது. யோசித்துப் பார். வாழ்கிற காலத்தில் ஒருவேளைக்குச் சரியாகக் கிடைக்காமல் எலும்பும் தோலுமாக அலைந்தவன். செத்த பிறகு காற்றடைத்து ஒரு சுற்று பருத்துவிட்டான். அதுவரை அவன் மெலிந்திருந்ததை ஊரில் ஒருத்தன் விசாரித்தது கிடையாது. இப்போது உடம்பு வைத்ததற்கு மட்டும் கட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பிற்பாடு கதை எழுதினவர்கள் காட்டேரியை மாளிகைக்குக் குடிமாற்றி, அங்கி போர்த்தி, பெரிய மனுஷனாக ஆக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. உடம்பைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள். ரத்தம் உறிஞ்சுகிறவன் யார் என்பதில் அவ்வளவு தப்பில்லை.

நிறங்களைப் படிவத்தில் குறித்திருக்கிறேன். எங்களிடம் மனித உருவம் வரைந்த அச்சுப் படிவம் இருக்கிறது, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, காயங்களைக் குறிப்பதற்காக. பழைய மாதிரி என்று ஒதுக்கின கட்டிலிருந்து எடுத்தேன், திருடவில்லை. கன்னத்துக்குச் செங்கல் நிறம். காதுமடலுக்கும் கழுத்துக்கும் கத்திரிக்காய் நிறம். உதட்டோரத்துக்கு பீட்ரூட் வேகவைத்த தண்ணீர், அதில் ஒரு சொட்டு மண். வயிற்றின் வலதுபக்கம் கீழே பாசிப்பச்சை, அது துணிக்குள் போய்விடும், ஆனாலும் போடு. பஞ்சு எங்கே எவ்வளவு என்பதையும் எழுதியிருக்கிறேன்.

ஒரு கண்டிஷன். இது எந்த ஒரு ஆளுடைய உடம்பும் இல்லை, பல பேரிடம் பார்த்ததைச் சேர்த்து எழுதியது. என்னிடம் வந்தவர்களைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. உறவுக்காரர்கள் உள்ளே வருவதற்கு முன்னால் முகத்தைத் துடைத்து, தலை வாரி, வாயை மூடித்தான் காட்டுகிறேன். ஒரு விதத்தில் நம் ரெண்டு பேருக்கும் ஒரே தொழில். என் ஆட்கள் கண்ணாடி கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அக்கா


ஜூலை 6

அக்கா,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படி.

நேற்று முழு ஒப்பனையோடு முதல் ஒத்திகை. தீக்குச்சியை உன் படிவத்தின்படி மூன்று மணி நேரம் உட்காரவைத்துத் தயார்செய்தேன். தாடைக்குள் பஞ்சு, வயிற்றில் தலையணை, செங்கல், கத்திரிக்காய், பீட்ரூட், ஒன்று விடவில்லை. முதல் காட்சியில் கூலிக்காரனாக வந்து இருமிச் செத்தபோது அவன் தீக்குச்சிதான். மூன்றாம் காட்சியில் ஊர்க்காரர்கள் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே கன்னம் பளபளக்க, தொந்தி மேடாக, உதட்டோரம் ஈரத்தோடு ஒருவன் படுத்திருந்தான். சத்தம் நின்றுவிட்டது. அப்போது மேலே விளக்குப் பிடிக்கிறவர் அங்கிருந்தே, "முதலாளி, நீங்க எப்ப உள்ள போய்ப் படுத்தீங்க?" என்று கேட்டார்.

முதலாளி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா, சத்தியமாக நான் நினைக்கவே இல்லை. அதே கன்னம், அதே தொந்தி, அதே காதுமடல். கொட்டகை முழுக்கச் சிரித்தது. பெட்டிக்குள் பிணம் சிரித்து, வாயிலிருந்த பஞ்சு வெளியே விழுந்தது. முதலாளிக்குக் கோபம் ஏற ஏற முகம் சிவந்து, கடைசியில் நீ எழுதின செங்கல் நிறத்துக்குச் சரியாக வந்து நின்றது. "போஸ்டர்ல பல்லு இருக்கு, மேடையில எங்கடா? அங்கி எங்க? ஜனங்க பயந்து போறதுக்கா வர்றாங்க, என்னப் பாத்துட்டுப் போறதுக்கா வர்றாங்க?" என்று கத்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைக்கப்பட்டவர்களுக்கு முன்காட்சி. அன்றைக்கு வெள்ளை முகம் இல்லையென்றால் எனக்கு இங்கே வேலை இல்லை.

இது பாதிதான். மீதியை எழுதத்தான் கை வரவில்லை.

உன் படிவத்தை ஒப்பனைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தேன். ஒட்டுவதற்கு முன்னால் தலைப்பை வெட்டிவிட்டேன். "அரசு மருத்துவமனை, பிணவறை, உடல் விவரப் படிவம்" என்று அச்சடித்திருந்த பட்டையை. யார் பார்த்தாலும் வெறும் மனித உருவம் மாதிரி இருக்கட்டும் என்று. பட்டையைத் தூக்கி எறியவில்லை, சாயப்பெட்டியின் அடியில் போட்டேன்.

வெட்டியது தையல்காரியின் கத்தரிக்கோலால். துணி வெட்டுகிற கத்தரியில் காகிதம் வெட்டினால் முனை மழுங்கிப் போகும் என்பது இந்தக் கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒத்திகை முடிந்த கையோடு அவள் சவத்துணியை ஓரம் வெட்ட உட்கார்ந்திருக்கிறாள். கத்தரி துணியைக் கடித்து இழுத்திருக்கிறது. யார் காகிதம் வெட்டினது என்று அறை அறையாகத் தேடிக்கொண்டு வந்தாள். என் கண்ணாடிக்கு வந்து நின்று, படிவத்தின் மேல்விளிம்பைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் மடிந்திருந்ததை வெளியே எடுத்தாள்.

நீ அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், அக்கா. "உடலை ஒப்படைத்தவர், பிணவறை உதவியாளர்" என்ற இடத்தில், தேதியோடு. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு நீ கொடுத்த வாழ்த்து அட்டையிலும் அதே கையெழுத்து.

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நர்ஸுன்னு என்கிட்ட எதுக்குச் சொன்னே?" என்றாள். எங்க வீட்டில் என்று கேட்கவில்லை, என்கிட்ட என்றாள். படிவத்தை மறுபடி ஒட்டிவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

வேலையும் போகப்போகிறது, அவளும் போய்விடுவாள் போலிருக்கிறது. நீயும் இதைப் படித்துவிட்டுப் போய்விடுவாய்.

தம்பி


ஜூலை 10

பவுடருக்கு,

போகவில்லை. இங்கேயேதான் இருக்கிறேன். மரத்தடியில் உட்கார்ந்து ஒத்திகைப் பகுதியை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை சிரித்த சிரிப்பில், வாசலில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழுகிற இடத்தில் சிரித்த பாவம் உன்னைச் சேரும்.

பட்டையை வெட்டினது வலித்தது. எறியாமல் வைத்திருந்தாய் என்று படித்ததும் கொஞ்சம் குறைந்தது. கத்தரிக்காகத் தேடிக்கொண்டு வந்த அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. தன் கருவி மழுங்கினதற்குக் கோபப்படுகிறவள் இன்னொருத்தியின் கருவியைக் கேவலமாக நினைக்க மாட்டாள். என் கத்தி மழுங்கினால் நானும் அப்படித்தான் தேடுவேன்.

கையெழுத்துப் போட்டது என் பழக்கதோஷம். ஒன்பது வருஷமாக அந்தப் படிவத்தின் அடியில் கை தானாகப் போகிறது. என் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு இடம் இருக்கிறது, பார்த்தாயா? "உடலைப் பெற்றுக்கொண்டவர்" என்று. அதற்குக் கீழே "உறவு" என்று. எங்களிடம் ஒரு விதி. உறவு என்ன என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் யாரும் எதையும் வாங்கிக்கொண்டு போக முடியாது. காரில் வந்தவனும் எழுத வேண்டும், செருப்பில்லாமல் வந்தவனும் எழுத வேண்டும். சில பேர் அந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிற்பார்கள். செத்தவனோடு பத்து வருஷம் பேச்சே இல்லாமல் இருந்திருப்பார்கள். நான் அவசரப்படுத்துவதில்லை.

உன்னையும் அவசரப்படுத்தவில்லை. வெள்ளை முகம் போடுவதா, சிவப்பு முகம் போடுவதா என்பது உன் தொழில். அதில் நான் தலையிட மாட்டேன்.

அக்கா


ஜூலை 21

அக்கா,

போன ஞாயிறு காலையில், முன்காட்சிக்கு முன்னால் தையல்காரியின் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றாள். அவள் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அவள் அம்மா, என் வருங்கால அத்தை, துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காராமலே சொன்னேன். என் அக்கா நர்ஸ் இல்லை, பிணவறை உதவியாளர், ஒன்பது வருஷமாக அதுதான் வேலை, பொய் சொன்னது நான், அவள் இல்லை என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனது இதைவிட நீளம். அங்கே நின்றபோது இவ்வளவுதான் வந்தது.

அப்பா எழுந்துபோய்க் கை கழுவினார். மூன்று தடவை. நான் எண்ணினேன். பிறகு பக்கத்து அறைக்குப் போய்விட்டார், நான் கிளம்பும்வரை வரவில்லை. அவர் விஷயம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அத்தை மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துவிட்டுத் தன் மணிக்கட்டையே பார்த்தார். "அப்ப அன்னிக்கு என் கையப் புடிச்சு நல்லா இருக்கீங்கன்னு சொன்னாளே, அது சும்மாவா?" என்றார்.

"சும்மா இல்ல அத்தை. நல்லா இருக்கறவங்க யாரு, இல்லாதவங்க யாருன்னு அவளுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்றேன்.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தையல்காரி சிரிக்கவில்லை. வாசல்வரை வந்து, "கத்தரிய சாணை புடிச்சுக் குடுத்துட்டு அப்புறம் பேசு" என்று கத்தரியைக் கையில் கொடுத்தாள். நேராகச் சாணைக்காரரிடம் போய்ப் பிடித்துக் கொடுத்தேன். கட்டை விரலில் ஒரு வெட்டு வாங்கின பிறகுதான் கூர் சரியாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டாள். விரல் அவளுடையது இல்லை, என்னுடையது.

சாயங்காலம் முன்காட்சி. முதலாளி வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். வெள்ளைச் சாயம் ஒரு கிண்ணத்தில், சிவப்பு ஒரு கிண்ணத்தில். வெட்டின பட்டையைப் படிவத்தின் தலையில் சேர்த்து ஒட்டினேன், அடியில் மடிந்திருந்ததையும் பிரித்துவிட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே தீக்குச்சிக்குச் சிவப்பு போட்டேன். "வேலை போயிடுமேண்ணே" என்றான். வாயை மூடு, பஞ்சு விழும் என்றேன்.

பெட்டியைத் திறந்ததும் முன்வரிசையில் ஒருவர், "செத்தவன் மாதிரியா இருக்கான், விருந்துக்குப் போயிட்டு வந்தவன் மாதிரில்ல இருக்கான்" என்றார். சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் செத்தவனின் பெண்டாட்டியாக நடிப்பவள் கட்டைக்குக் குறுக்கே வந்து நின்று, "உயிரோட இருந்தப்ப ஒருவேளை சோறு போட்டீங்களா? இப்ப உடம்பு வச்சிருக்கான்னு குத்த வர்றீங்களே" என்று கேட்டாள். கொட்டகை அடங்கிப்போயிற்று. அது உன் கடிதத்தில் இருந்த வரி. ஆதாரத்திடம் படித்துக் காட்டியிருந்தேன், அவள் நாடகத்தில் சேர்த்துவிட்டாள். இது யார் சொன்னது, ஆதாரம் என்ன என்று கேட்டாள். பிணவறையில் வேலை பார்க்கிற என் அக்கா என்று சொன்னேன். "அதைவிட ஆதாரம் வேண்டியதில்ல" என்றாள். அவள் அப்படிச் சொன்னதை இதற்கு முன்னால் இங்கே யாரும் கேட்டதில்லை.

முதலாளி வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். ஒப்பனை அறைக்கு வந்தார். உன் படிவத்தைத் தலையிலிருந்து அடிவரை படித்தார். பக்கத்தில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். மறுபடி படிவம், மறுபடி முகம். நான் தூரிகைகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன். "மூக்க மட்டும் கொஞ்சம் மாத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்துடன் ரெண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று நாடகத்தின் அறிவிப்புத் தாள், அச்சுக்குப் போவதற்கு முன் நீ பார்க்க வேண்டும் என்று. "ஒப்பனை" என்ற வரிக்குக் கீழே பார். இன்னொன்று படிவம். அதில் நான் எழுத வேண்டிய இடத்தில் எழுதிவிட்டேன்.

தம்பி


ஜூலை 26

தம்பிக்கு,

அறிவிப்புத் தாள் வந்தது. "உடல் தோற்றம் சொல்லித் தந்தவர்: ஒப்பனையாளரின் அக்கா, பிணவறை உதவியாளர்." சரியாக இருக்கிறது, திருத்தம் இல்லை. முதலாளியின் பெயர் என் வரியைவிட நாலு மடங்கு பெரிய எழுத்தில் இருக்கிறது. உப்பினது போதும் என்று சொல்.

தாளை வீட்டுச் சொந்தக்காரரிடமும் கொடுத்தேன். நானே படியேறிப் போய்க் கையில் கொடுத்தேன். ரெண்டு நாளாக என் காலடிச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார். இன்று காலை கதவு பாதி திறந்தது. வெந்நீர் ஒத்தடத்துக்குப் பதிலாக வேறு ஏதாவது உண்டா என்று உள்ளேயிருந்தே கேட்டார். என்னிடம் வருகிறவர்களுக்கு முழங்கால் வலிப்பதில்லை என்றேன். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. காலி செய்யச் சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டரும் தாளைப் பார்த்தார். தன் பெயர் இல்லையே என்று கேட்டார். நீங்கள் வாசலில் நின்றதை நாடகத்தில் சேர்க்கவில்லை என்று சொன்னேன்.

படிவம்தான் எனக்குப் புதுச் சிக்கல். தலைப்பு ஒட்டுப் போட்டு, கையெழுத்து ரெண்டும் இருந்து, "உறவு" என்ற இடத்தில் "தம்பி" என்று எழுதி முழுசாக நிரம்பி வந்திருக்கிறது. கோப்பில் சேர்க்கலாம் என்றால் சேர்க்க உடம்பு இல்லை. குளிர்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். எழுத்தைக் கொஞ்சம் அழுத்தி எழுதியிருக்கிறாய், பின்பக்கத்தில் தடவினால் தெரிகிறது.

வருகிற ஞாயிறு எங்கள் மூன்று பேருக்கு இடம் பிடித்து வை. என்னோடு வேலை பார்க்கிற ரெண்டு பேரும் வருகிறார்கள். முன்வரிசை வேண்டாம். இவர்கள் நிறம் சரியில்லை என்றால் சத்தமாகச் சொல்கிறவர்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க போன் செய், எடுக்கிறேன்.

நாடகம் முடிந்ததும் தையல்காரியின் வீட்டுக்குப் போகலாம். அவள் அப்பா கழுவிக்கொண்டிருக்கட்டும், சோப்பு அவருடையது. அத்தையிடம் மட்டும் சொல்லிவை, மறுபடியும் நாடி பார்க்கிறேன் என்று. போன தடவை எண்ணத் தோன்றவில்லை. இந்தத் தடவை கைக்கடிகாரம் கொண்டுவருகிறேன்.

அக்கா